"எல்லாம் படிச்சாச்சா?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்?

உறையூர்வாசி எழுதியது:

போன மாதம் வீடு மாற்றினோம். அதே உறையூரில் நாலு தெரு தள்ளித்தான், ஆனாலும் மாற்றுவது மாற்றுவதுதானே. சாமான் ஏற்ற வந்த ஆட்கள் பீரோவையும் பிரிட்ஜையும் அலேக்காகத் தூக்கிக்கொண்டு போனார்கள், புத்தகப் பெட்டியில் கை வைத்ததும்தான் முகம் சுண்டியது. மொத்தம் 31 பெட்டி. எல்லாம் மளிகைக் கடையில் சொல்லிவைத்து வாங்கிய பிஸ்கட் பெட்டியும் எண்ணெய்ப் பெட்டியும். புத்தகத்தைப் பெரிய பெட்டியில் அடைக்கக் கூடாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஒன்று மாடிப்படியில் அடி பிளந்து மொத்தமும் கொட்டிவிட்டது. வந்தவர்களில் வயதானவர் அப்படியே படியில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்துக்கொண்டே கேட்டார்: "எல்லாம் படிச்சாச்சா சார்?"

இதே கேள்வியை என் மாமனார் கேட்டிருக்கிறார், சிலிண்டர் போட வருபவர் கேட்டிருக்கிறார், ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கு எடுக்க வந்த டீச்சரே கேட்டிருக்கிறார். வழக்கமாக "பாதி" என்று சொல்லித் தப்பித்துவிடுவேன். அன்றும் அப்படித்தான் சொன்னேன். பின்னால் நின்ற என் மனைவி "கால்வாசிகூட இருக்காதுங்க" என்று போட்டு உடைத்துவிட்டாள்.

உண்மைதான். வாங்குகிற வேகத்துக்குப் படிக்க முடிவதில்லை. ஆனால் படிக்காத புத்தகங்கள் சும்மா கிடக்கின்றன என்றும் எனக்குத் தோன்றவில்லை, அதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. புது வீட்டில் கேஸ் அடுப்பு மாட்டுவதற்கு முன்னாலேயே ஒரு பெட்டியைப் பிரித்தேன் (அதற்கு வாங்கிக்கட்டிக்கொண்டது தனிக் கதை). பிரித்ததும் வந்த வாசனையில் அந்த வெறும் அறை எங்கள் வீடாகிவிட்டது. முதலில் கையில் வந்தது மலைக்கோட்டைப் பக்கம் பழைய கடையில் எப்போதோ வாங்கிய ஒரு சித்த மருத்துவப் புத்தகம். அதன் கடைசிப் பக்கத்தில் யாரோ பென்சிலால் பால் கணக்கு எழுதியிருக்கிறார்கள். தேதி 1 முதல் 30 வரை, தினம் ஒரு கோடு. 17, 18, 19 மூன்று நாள் மட்டும் கோடு இல்லை. ஊருக்குப் போயிருப்பார்களா, பால்காரர் வரவில்லையா? மருத்துவப் பகுதியில் ஒரு பக்கம்கூட நான் படித்ததில்லை, இந்தக் கணக்கை மட்டும் ஐம்பது தடவை பார்த்திருப்பேன்.

கேள்வி இதுதான். படிப்பதைத் தவிர புத்தகம் உங்களுக்கு என்ன தருகிறது? அறிவு வளரும், பண்பு பெருகும் என்கிற பதிலெல்லாம் பள்ளி ஆண்டுவிழாவில் கேட்டாயிற்று. சின்னச் சின்ன விஷயமாகச் சொல்லுங்கள்.

காலிகோஅட்டை எழுதியது:

தம்பி, எனக்கு 68 வயது, தென்காசிப் பக்கம். "படிச்சாச்சா" என்பவர்களிடம் நான் "உங்க வீட்டுப் பாத்திரம் எல்லாத்திலயும் நேத்து சமைச்சாச்சா?" என்று திருப்பிக் கேட்பேன். அதற்குமேல் பேச மாட்டார்கள்.

என்னிடம் இருப்பதில் நூற்றுக்கு மேல் பைண்டு வால்யூம்கள். இளையவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம் என்பதற்காகச் சொல்கிறேன், அந்தக் காலத்தில் வாரப் பத்திரிகையில் வரும் தொடர்கதையை வாராவாரம் கிழித்துச் சேர்த்துவைத்து, கதை முடிந்ததும் பைண்டரிடம் கொடுத்துப் புத்தகமாக்கிக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் அது பெரியம்மாவின் இலாகா. பத்திரிகை வந்த அன்றே கிழித்துவிட முடியாது, அது மூன்று வீடு சுற்றி வர வேண்டும், திரும்பி வரும்போது மேலே காபி வட்டமோ குழந்தையின் கிறுக்கலோ இருக்கும், அதற்கு அந்த வீட்டோடு ஒரு வாரம் மனத்தாங்கல், அப்புறம்தான் கத்தரிக்கோல்.

பொன்னியின் செல்வன் கல்கியில் 1950-ல் தொடங்கி 1954 வரை வந்தது. அத்தனை வாரமும் பெரியம்மா விடாமல் சேர்த்தது இன்றைக்கும் என் அலமாரியில் இருக்கிறது. அச்சுப் புத்தகம் எத்தனையோ பதிப்பு வந்துவிட்டது, நாட்டுடைமை ஆன பிறகு கேட்கவே வேண்டாம், ஆனால் மணியம் வரைந்த படங்கள் அந்தந்த வாரக் கதையோடு, அந்தந்த இடத்தில், அதே அளவில் இருப்பது இதில்தான். பைண்டர் மைதாவில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய பசையால் ஒட்டியிருக்கிறார், பூச்சி அண்டாமல் இருப்பதற்காக. முதுகிலும் மூலையிலும் சிவப்புக் காலிகோ துணி.

சுவாரசியம் என்னவென்றால் கதைக்குப் பின்பக்கம் வந்ததும் சேர்ந்தே பைண்டு ஆகியிருக்கும். பாதி நகைச்சுவைத் துணுக்கு, தலைமுடித் தைலம் விளம்பரம், ஒரு மைசூர்பாகு செய்முறையின் முதல் பாதி. "பாகு கம்பிப் பதம் வந்ததும்" என்பதோடு பக்கம் முடிந்துவிடுகிறது. பதம் வந்ததும் என்ன செய்ய வேண்டும் என்பது கிழித்துப்போட்ட பக்கத்தில் போய்விட்டது. எழுபது வருஷமாக எங்கள் வீட்டில் அந்தப் பாகு கொதித்துக்கொண்டே இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேறொரு தொடர்கதை வால்யூமில் ஒரு அத்தியாயம் கையெழுத்தில் இருக்கும். அந்த வாரப் பத்திரிகையை யாரோ தொலைத்துவிட்டார்கள். பெரியம்மா கீழப்புலியூரில் ஒருவர் வீட்டில் அந்த இதழைக் கண்டுபிடித்து, அவர்கள் கிழிக்கத் தர மாட்டேன் என்றதால் அங்கேயே திண்ணையில் உட்கார்ந்து மைப்பேனாவால் பதினோரு பக்கம் பார்த்து எழுதிக்கொண்டு வந்தாராம். படத்தையும் விடவில்லை, குதிரை மட்டும் கொஞ்சம் கழுதைபோல வந்திருக்கிறது. ஐந்தாம் வகுப்புவரை படித்தவர். அந்தக் கதையை நான் பாதியில் விட்டுவிட்டேன், அவ்வளவு நன்றாக இல்லை. ஆனால் அந்த அத்தியாயம் எனக்கு மனப்பாடம்.

பேரனிடம் ஒருநாள் காட்டினேன். 'யானை' என்ற சொல்லில் வரும் னை எழுத்துக்குத் தும்பிக்கை இருக்கிறதே, அதைப் பார்த்துவிட்டு "தாத்தா, இது தமிழா?" என்றான். 1978-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் எழுத்தை மாற்றினார்கள் என்று சொல்லி, லை, னை, ணா, றா என்று ஒவ்வொன்றாகப் பழைய வடிவத்தைக் காட்டினேன். இப்போது அவன் வந்தால் பழைய புத்தகத்தைத் திறந்து தும்பிக்கை எங்கே இருக்கிறது என்று தேடுகிறான். என் கணக்கில் அதுவும் வாசிப்புதான். பழைய கடையில் முதல் பக்கம் கிழிந்த புத்தகம் கிடைத்தால் நானும் அதைத்தான் முதலில் பார்ப்பேன். தும்பிக்கை இருந்தால் 78-க்கு முன்னால், இல்லையென்றால் பின்னால்.

ஒண்ணரைபக்கம் எழுதியது:

காலிகோஅட்டை ஐயா, ஒரு சின்னத் திருத்தம். தும்பிக்கை இல்லாவிட்டால் 78-க்குப் பின்னால் என்று முடிவு கட்டிவிட முடியாது. பெரியார் 1935-லேயே குடிஅரசில் அந்த எழுத்துகளைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார். அரசு ஏற்றுக்கொண்டதுதான் 1978. அதனால் சுயமரியாதை இயக்கத்தின் பழைய வெளியீடுகள் பார்வைக்குப் புதுசுபோலவே இருக்கும்.

இந்த ஒரு விஷயம் தெரிந்திருந்ததால் எனக்குக் கிடைத்தது சொல்கிறேன். ஈரோட்டில் ஒரு பழைய பேப்பர் கடை, எடைக்குப் போட்டு வைத்திருந்த குவியலில் மெல்லிசான ஒரு பிரசுரம். விலை அணாவில் போட்டிருந்தது, எழுத்து புது எழுத்து. கடைக்காரர் புரட்டிப் பார்த்துவிட்டு "இது சமீபத்துல வந்ததுங்க, அஞ்சு ரூபா குடுங்க" என்றார். கொடுத்துவிட்டு வேகமாக நடந்தேன். ஓடவில்லை, ஓடினால் சந்தேகம் வரும்.

வாலாஜாரோடு எழுதியது:

ஓடாதது சரியான முடிவு. பழைய புத்தகம் வாங்குவதில் முதல் பாடமே முகத்தை வைத்துக்கொள்வதுதான்.

நான் திருவல்லிக்கேணி. ஞாயிற்றுக்கிழமை என்றால் காலை டிபன் முடித்ததும் பாரதி சாலை, எங்கள் அப்பா கடைசிவரை பைகிராப்ட்ஸ் ரோடு என்றுதான் சொல்வார். பிளாட்பாரத்தில் தார்ப்பாய் விரித்து அடுக்கியிருப்பார்கள், பாதி இன்ஜினீயரிங் புத்தகமும் போட்டித் தேர்வு கைடும்தான், அதற்கு நடுவில் எங்கேயாவது ஒன்று ஒளிந்திருக்கும். வேண்டியது கண்ணில் பட்டால் உடனே எடுக்கக் கூடாது. வேண்டாத இரண்டை எடுத்து அதன் விலையைக் கேட்டு, அதிகம் என்று சலித்துக்கொண்டு கீழே வைத்து, போகிற போக்கில் "அப்ப இது?" என்று கேட்க வேண்டும். இருபது வருஷமாக இதைச் செய்கிறேன். கடைக்காரருக்கும் இருபது வருஷமாக இது தெரியும். "சார், அந்த மூணாவது புக்குக்கு எவ்வளவு தருவீங்க, நேரா அதையே பேசலாம்" என்று போன மாதம் சொல்லிவிட்டார்.

அப்பாவுக்கு மூர் மார்க்கெட். சென்ட்ரலை ஒட்டி, இப்போது புறநகர் ரயில் நிலையம் இருக்கிற இடம். 1985-ல் எரிந்தது. அப்பா அன்றைக்கு என்ன சொன்னார் என்பது எனக்கு நினைவில்லை, நான் சின்னப் பையன், ஆனால் அதற்கப்புறம் பல வருஷம் அவர் ஏதாவது புத்தகத்தை எடுத்துப் பார்க்கும்போது "மூர் மார்க்கெட், ஒண்ணே கால் ரூபா" என்று தனக்குள் சொல்லிக்கொள்வார். எந்தப் புத்தகத்தை எங்கே, என்ன விலைக்கு வாங்கினோம் என்பது எப்படி மறக்காமல் இருக்கிறதோ. என் கல்யாண நாள் எனக்கு நினைவிருப்பதில்லை.

உறையூர்வாசியின் பால் கணக்கு போல நான் சேர்ப்பது அன்பளிப்புக் கையெழுத்து. முன்பெல்லாம் கல்யாணத்துக்குப் புத்தகம் கொடுப்பார்களே, "மணமக்களுக்கு அன்பளிப்பு" என்று எழுதித் தேதி போட்டு. அப்படி என்னிடம் 14 இருக்கிறது. ஒன்றில் மணமக்கள் பெயருக்குக் கீழே, பல வருஷம் கழித்து வேறு மையில், "அப்பாவின் புத்தகம், யாரும் எடுக்கக் கூடாது" என்று ஒரு குழந்தை எழுதியிருக்கிறது. அது எப்படி பிளாட்பாரத்துக்கு வந்தது என்று யோசித்தால் அன்றைக்குத் தூக்கம் போச்சு.

சோவியத் புத்தகங்களும் ஒரு அலமாரி. மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகம், ராதுகா, மீர். கனத்த அட்டை, வழவழப்பான காகிதம், விலையோ நம் பத்திரிகை விலை. தமிழில் மொழிபெயர்த்து அங்கேயே அச்சிட்டு இங்கே நியூ செஞ்சுரி கடையில் விற்பார்கள். 1991-ல் சோவியத் போனதும் அந்தப் புத்தகமும் நின்றுவிட்டது. அதன் வாசனையே வேறு. இந்த அலமாரியைக் கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிப்பேன், மனைவி கண்ணைக் கட்டிச் சோதித்தே பார்த்துவிட்டாள்.

இதெல்லாம் பைத்தியக்காரத்தனம் என்று தோன்றும்போது கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரை நினைத்துக்கொள்வேன். புத்தகம் மட்டுமா, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றையும் அல்லவா சேர்த்துவைத்தார். அவர் 1992-ல் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, 1994-ல் சென்னையிலேயே நூலகமாக அமைத்தார்கள். இப்போது தரமணியில் இருக்கிறது. அவர் வீட்டுக்கு வந்தவர்கள் "எல்லாம் படிச்சாச்சா" என்று எத்தனை தடவை கேட்டிருப்பார்கள்!

ஒற்றைஅலமாரி எழுதியது:

கொஞ்சம் மாற்றுக் கருத்து சொல்லலாமா, அடிக்க வராதீர்கள்.

நானும் நிறையப் படிப்பவள்தான், வருஷத்துக்கு அறுபது எழுபது புத்தகம். ஆனால் வீட்டில் ஒரே ஒரு அலமாரி. புதிதாக ஒன்று உள்ளே வந்தால் பழையது ஒன்று வெளியே போக வேண்டும். கோவையில் இரண்டு அறை வீட்டில் மாமியார், இரண்டு பிள்ளைகள், ஒரு தையல் மிஷின் எல்லாம் இருக்கும்போது அதற்குமேல் இடமில்லை. இந்த இழையில் எழுதியிருக்கும் ஆண்கள் எல்லோரையும் ஒன்று கேட்கிறேன், அந்த ஆயிரம் புத்தகத்துக்கும் தூசி தட்டுவது யார்? உறையூர்வாசி வீட்டம்மா "கால்வாசிகூட இருக்காது" என்று துல்லியமாகச் சொன்னாரே, அது எப்படித் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

என் சந்தோஷம் கிளை நூலகம். வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலக வரி என்று தனியாக வாங்குகிறார்கள். 1948-ல் மெட்ராஸ் மாகாணத்தில் நூலகச் சட்டம் வந்ததே, அதிலிருந்து வருகிற ஏற்பாடு. காசு கொடுத்தாயிற்று, போய்ப் பயன்படுத்துங்கள். எங்கள் கிளையில் பழைய புத்தகங்களின் பின்னட்டையில் தேதி குத்திய சீட்டு இன்னும் இருக்கிறது. நான் எடுக்கும் ஒரு கவிதைத் தொகுப்பை எனக்கு முன்னால் ஒன்பது வருஷம் யாரும் எடுக்கவில்லை. அதற்கு முன்னால் ஒரே வருஷத்தில் நாலு தடவை எடுத்திருக்கிறார்கள், எனக்கென்னவோ நாலும் ஒரே ஆள் என்றுதான் தோன்றுகிறது. அந்த ஆள் யார், அப்புறம் என்ன ஆனார் என்று நானும் உங்களைப்போல யோசிக்கத்தான் செய்கிறேன். ஆனால் அதற்கு அந்தப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து பூட்டிவைக்க வேண்டியதில்லை.

பழைய நூல்களுக்கு மதுரைத் திட்டம் இருக்கிறது, 1998 பொங்கலிலிருந்து ஆர்வலர்கள் தட்டச்சு செய்து இலவசமாகப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ராத்திரி விளக்கணைத்த பிறகு போனில் படிக்கலாம். மாமியாருக்கும் தொந்தரவு இல்லை.

சரி, ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வெளியே போன புத்தகங்களின் பட்டியல் ஒன்று நோட்டில் வைத்திருக்கிறேன், யாருக்குக் கொடுத்தேன் என்பதோடு. எப்போதாவது எடுத்துப் பார்ப்பேன். அது மட்டும் 412 வரிகள் ஆகிவிட்டது.

தாவடிமகள் எழுதியது:

ஒற்றைஅலமாரி அக்கா கேட்டது நியாயம். ஆனால் வைத்திருப்பதற்கும் ஒரு காரணம் சிலபேருக்கு உண்டு, அதையும் சொல்கிறேன்.

நான் யாழ்ப்பாணம், இப்ப டொரோண்டோ. என்னிடம் ஆயிரம் இல்லை, முந்நூறுக்குள்தான். எல்லாம் ஆரோ ஒருவருடைய பெட்டியில் ரெண்டு மூன்றாக வந்து சேர்ந்தவை. ஊரிலிருந்து வாறவையிடம் "எனக்கு மிளகாய்த்தூள் வேண்டாம், அந்த நிறைக்குப் புத்தகம் கொண்டுவாங்கோ" என்று சொல்லிவிடுவேன். முதலில் சிரிப்பார்கள். இப்ப அவர்களாகவே கேட்டுக்கொண்டு வருகிறார்கள்.

இதில் எனக்கு ஆக விருப்பமானது முப்பத்தாறு பக்கத்தில் ஒரு மெல்லிய கவிதைப் புத்தகம். 1990-க்குப் பிறகு பொருளாதாரத் தடையால் எங்கட பக்கம் தாள் வரவில்லை. பத்திரிகைகளையே பள்ளிக்கூடக் கொப்பித் தாளில்தான் அடித்தார்கள். இந்தப் புத்தகமும் அப்படித்தான், கோடு போட்ட தாளில் அச்சடித்தது. எழுத்து கோட்டில் இருக்காது, கோட்டுக்கு மேலேயும் குறுக்கேயும் ஓடும். சில பக்கத்தில் சிவப்பு மார்ஜின் கோடு கவிதைக்கு நடுவால் போகும். நாங்கள் அதைப் படித்தது ஜாம் போத்தல் விளக்கில். போத்தலுக்குள்ளே கொஞ்சம் பஞ்சும் அதற்குமேல் கொஞ்சமாக மண்ணெண்ணெயும் விட்டு, திரியை உயர்த்தி வைத்திருப்போம். மண்ணெண்ணெய் அவ்வளவு விலை. ஒரு ஆள் உரக்க வாசிக்க மற்றவை கேட்டுக்கொண்டிருப்போம், ஒவ்வொருத்தரும் தனித்தனியே விளக்கு வைத்துப் படிக்க ஏலாது. 95-ல் எல்லாரும் வீட்டை விட்டு வெளிக்கிட்டபோது நான் உடுப்புப் பையில் என்ன வைத்தேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை. சாவகச்சேரியில் போய்த் திறந்தபோது இது இருந்தது. தெரிந்து வைத்ததா, உடுப்போடு சேர்ந்து வந்ததா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

மகனுக்கு ஒன்பது வயது. போன கிழமை இதை எடுத்துப் பார்த்துவிட்டு "அம்மா, இது ஆற்றையோ ஹோம்வொர்க்கா?" என்று கேட்டான். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணி வந்துவிட்டது. பிறகு அவனுடைய தமிழ்ப் பள்ளிக் கொப்பியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்து, கோட்டின் இடைவெளியை ஒப்பிட்டுப் பார்த்தான். கிட்டத்தட்ட ஒரே அளவு.

இணையத்தில் நூலகம் தளம் இருக்கிறதே, 2005-லிருந்து ஈழத்து நூல்களை ஸ்கான் செய்து போடுகிறார்கள், அதில் தேடினால் எவ்வளவோ கிடைக்கும். நான் ஒவ்வொரு நாளும் அதில் கொஞ்ச நேரம் மேய்கிறேன். ஆனால் ஸ்கானில் அந்தக் கோடு வடிவாகத் தெரிவதில்லை.

நனைந்தபுத்தகம் எழுதியது:

ஒற்றைஅலமாரி, எங்கள் வீட்டில் தூசி தட்டுவது நான்தான், ஆணாகப் பிறந்தும். அதுவும் ஒரு சந்தோஷம் என்றால் நம்புவீர்களா? வருஷத்துக்கு ஒருமுறை, பங்குனி வெயில் ஏறும் சமயத்தில், அலமாரி அலமாரியாக இறக்குவேன். ஒரு நாளில் முடிய வேண்டிய வேலை பத்து நாள் ஆகும், ஏனென்றால் துடைக்க எடுத்ததை நின்றபடியே படிக்க ஆரம்பித்துவிடுவேன். போன வருஷம் ஏணிமேல் உட்கார்ந்து ஒரு நாவலில் எண்பது பக்கம் போய்விட்டேன், கால் மரத்துப்போய் இறங்க ஆள் கூப்பிட வேண்டியதாயிற்று.

அப்புறம் தமிழ்ப் புத்தகங்களின் முதுகு. சிலர் தலைப்பை மேலிருந்து கீழாக அடிக்கிறார்கள், சிலர் கீழிருந்து மேலாக. அலமாரி முன்னால் நின்று படித்தால் தலையை ஒருமுறை இந்தப் பக்கம், ஒருமுறை அந்தப் பக்கம் சாய்க்க வேண்டும். எங்கள் வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் கழுத்துக்கு நல்லது என்றார்.

எனக்கு இந்தப் பெயர் வந்த கதை சுருக்கமாக. 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தரைத்தள வீட்டில் இடுப்பளவு தண்ணீர். கீழ் இரண்டு தட்டு போச்சு. சுமார் 280 புத்தகம். அன்றைக்கு நான் செய்த தப்பை மற்றவர்கள் செய்யாமல் இருக்க எழுதுகிறேன். தண்ணீர் வடிந்ததும் எல்லாவற்றையும் மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் வெயிலில் விரித்தேன். தாள் அப்பளம்போல வளைந்து, அட்டை பிரிந்து, படம் போட்ட வழவழப்புத் தாள் புத்தகமெல்லாம் ஒரே செங்கல்லாக ஒட்டிக்கொண்டது. அவற்றை ஈரமாக இருக்கும்போதே பக்கத்துக்குப் பக்கம் உறிஞ்சும் தாள் வைத்துப் பிரித்திருக்க வேண்டும். வெயில் கூடாது, நிழலில் பேன் காற்றுதான். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் கவனிக்க முடியாது என்றால் பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பிரீசரில் வைத்துவிட வேண்டும், பூஞ்சை பிடிக்காது, ஆற அமர ஒவ்வொன்றாக எடுக்கலாம். இது தெரிந்தபோது மீதி இருந்தது பதினாறு. ஒரு பக்கத்து வீட்டு அக்கா தன் பிரீசரில் மீனை எடுத்துவிட்டு இடம் கொடுத்தார். அந்தப் பதினாறும் பிழைத்தன. அதில் இரண்டுக்கு இன்றும் லேசாக வஞ்சிர வாசனை, வாலாஜாரோடு சார் வந்தால் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடிக்கலாம்.

இதே பிரீசர் வைத்தியம் இராமபாணப் பூச்சிக்கும் கேட்கும், கவரில் காற்றுப் புகாமல் கட்டி ஒரு வாரம் வைத்தால் போதும். அந்தப் பூச்சிக்குப் பசையும் கஞ்சியும்தான் ஆகாரம், ஈரமும் இருட்டும் பிடிக்கும். சும்மா வசம்புத் துண்டும் அந்துருண்டையும் போட்டுவிட்டு அலமாரியைச் சுவரோடு ஒட்டிவைத்தால் பிரயோஜனம் இல்லை, நாலு விரல் தள்ளிப் போடுங்கள். காலிகோஅட்டை ஐயா, உங்கள் பைண்டர் மயில்துத்தம் போட்டது எவ்வளவு பெரிய காரியம் என்று இப்போது புரிகிறது.

உறையூர்வாசி, புது வீடு தரைத்தளமா?

உறையூர்வாசி எழுதியது:

முதல் மாடி. தரைத்தளம் வேண்டாம் என்றது நான் இல்லை, என் மனைவி. காரணம் கேட்டதற்கு "காவேரி பக்கத்துல இருக்கு, உங்க பெட்டியெல்லாம் நனையும்" என்றாள். ஒற்றைஅலமாரி கேட்டதைப் படித்துவிட்டு அவளிடம் காட்டினேன். "அந்த அக்கா நம்பர் இருக்கா?" என்று மட்டும் கேட்டாள். இந்த வாரம் துடைப்பது நான்.

காலிகோஅட்டை ஐயா, உங்களிடம் ஒரு உதவி. நேற்று ஒரு பெட்டியைப் பிரித்தபோது, என் தாத்தா வழியாக வந்த பைண்டு ஒன்று கிடைத்தது. இத்தனை வருஷம் அதை நான் திறந்ததே இல்லை. முதல் பக்கங்கள் இல்லை, கதை பெயரும் தெரியவில்லை, தும்பிக்கை இருக்கிறது. 412-ம் பக்கத்துக்குப் பின்பக்கம் ஒரு செய்முறையின் பின்பாதி. "கடலைமாவைத் தூவிக் கைவிடாமல் கிளறவும், நெய் பிரிந்து பொற பொறவென்று வரும்போது தட்டில் கொட்டவும்" என்று இருக்கிறது. படம் எடுத்துப் போட்டிருக்கிறேன், பாருங்கள்.

காலிகோஅட்டை எழுதியது:

பார்த்தேன். காகிதமும் எழுத்தும் அதே பத்திரிகை மாதிரித்தான் இருக்கிறது. ஆனால் எங்களுடையதில் நெய்யை முன்னாலேயே காய்ச்சித் தனியாக வைக்கச் சொல்லியிருக்கிறதே, உங்களுடையதில் அதற்குப் பிறகு நெய் விடச் சொல்லி வருகிறதா? மேல்வரி கிழிந்திருக்கிறது, இன்னும் கிட்டத்தில் ஒரு படம் எடுத்துப் போடுங்கள் தம்பி. வீட்டுக்காரி அடுப்பைப் பற்றவைக்கட்டுமா என்று கேட்கிறாள்.

ஒண்ணரைபக்கம் எழுதியது:

இன்னும் எத்தனை பெட்டி பிரிக்க வேண்டியிருக்கிறது?

உறையூர்வாசி எழுதியது:

பத்தொன்பது.